தோலைப் பேணுவது பற்றா, கடமையா?

தோலைப் பேணுவது ஆன்ம வாழ்வுக்குத் துணையா, தடையா என்ற கேள்வி இந்தியச் சமயங்களுக்குப் புதிதல்ல. உடல் நிலையற்றது என்பதில் சமணம், பௌத்தம், சைவம், வைணவம் நான்குக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்த நிலையற்ற உடலை நாள்தோறும் கழுவி, எண்ணெய் பூசி, வெயில் படாமல் காக்கத்தான் வேண்டுமா என்று கேட்கும்போது அவை வழி பிரிகின்றன. வெப்ப நாட்டில் இந்தக் கேள்வி ஏட்டோடு நின்றுவிடுவதும் இல்லை. சித்திரை, வைகாசியில் வேலூரிலும் திருச்சியிலும் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வெயில், வியர்க்குருவாகவும் மங்காகவும் படர்தாமரையாகவும் உடம்பில் வந்து நிற்கிறது. முதன்முதலாகத் தோல் பராமரிப்பைத் தொடங்குகிறவருக்கு எதைப் பூசுவது என்ற குழப்பத்தோடு, இந்த உடம்புக்கு இவ்வளவு செய்யலாமா என்ற உறுத்தலும் சேர்ந்தே வருகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் இரண்டும் தெளியும்.

மிகக் கடுமையான விடை சமணர்களுடையது. திகம்பர முனிவர் ஏற்கும் 28 மூல குணங்களில் நீராடாமை ஒன்று; பல் துலக்காமை, தலைமயிரைக் கையால் பறித்தல், ஆடையின்மை ஆகியவையும் அந்த வரிசையில் உண்டு. அழுக்கை விரும்பி ஏற்ற விதி அல்ல இது. நீரே உயிர்கள் குடிகொண்ட உடல் என்பது சமணக் கொள்கை. உடம்பின் மேல் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களும் நீராடும்போது மடியும். ஆகவே குளிப்பது கொல்லாமைக்கு இழுக்கு. தன் உடம்பைத் தானே விரும்பிப் பார்க்கும் பழக்கம் அறுபட வேண்டும் என்பது இரண்டாவது காரணம். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் சித்தன்னவாசலிலும் செதுக்கிய கற்படுக்கைகளில் சமணத் துறவிகள் தங்கினார்கள். அந்தப் பாறைகளில் கோடை எப்படிக் காயும் என்பது அங்கே ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆனால் இதே சமணம் இல்லறத்தாருக்கு நீராடாமையை விதிக்கவில்லை. அவர்கள் குளித்துத் தூய ஆடை உடுத்தித்தான் பூசைக்குச் செல்ல வேண்டும். உடம்பைப் பேணாமல் விடுவது ஒரு நோன்பை ஏற்றவர்களுக்கு மட்டும் உரியது என்பதை இவ்வளவு கண்டிப்பான சமயமே ஒப்புக்கொண்டிருக்கிறது. நோன்பு ஏற்காத ஒருவர் முகம் கழுவுவதற்காகக் குற்ற உணர்வு கொள்ள வேண்டிய தேவை அங்கேயே தீர்ந்துவிடுகிறது.

பௌத்தம் இந்த விஷயத்தில் ஒரு விதியைப் போட்டு, பிறகு அதைத் திருத்திக்கொண்டது. புதிதாகத் துறவு பூணுகிறவருக்கு முதலில் தரப்படும் தியானப் பொருள்கள் ஐந்து: தலைமயிர், உடல்மயிர், நகம், பல், தோல். இவற்றை முன்னும் பின்னுமாக ஓதி, மனம் அழகென்று பற்றும் இடங்கள் இவைதாம் என்று உணர வேண்டும். இப்படிப் பழகியவர்களுக்குக் குளியலில் என்ன சிக்கல் வரும் என்று தோன்றலாம். வந்தது. ராஜகிருகத்தில் தபோதா என்ற வெந்நீர் ஊற்று இருந்தது. மன்னன் பிம்பிசாரன் அங்கே தலைமுழுக வந்து, பிக்குகள் முடிக்கட்டும் என்று மரியாதையோடு காத்திருந்தான். அவர்கள் இருட்டும்வரை குளித்துக்கொண்டே இருந்தார்கள். அதன் பிறகு மன்னன் குளித்துத் திரும்புவதற்குள் நகரக் கதவைச் சாத்திவிட்டார்கள். இரவை அவன் வெளியே கழிக்க நேர்ந்தது. இதை அறிந்த புத்தர், அரை மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் குளிக்கலாகாது என்று விதித்தார்.

பிறகு கோடை வந்தது. பிக்குகள் வியர்த்த உடம்போடு படுத்தார்கள். சீவர உடையும் படுக்கையும் பாழாயின. விதி தளர்ந்தது. கோடையின் கடைசி ஒன்றரை மாதமும் மழைக்காலத்தின் முதல் மாதமும், ஆக இரண்டரை மாதம், தடையின்றிக் குளிக்கலாம் என்று ஆயிற்று. நோயுற்றவர், உடலுழைப்புச் செய்தவர், வழிநடந்தவர், புழுதிக் காற்றிலும் மழையிலும் அகப்பட்டவர் ஆகியோருக்கும் அடுத்தடுத்து விலக்குக் கிடைத்தது. விநய பிடகத்தின் இந்தப் பகுதியைச் சிறிய நிர்வாக விவரமென்று தள்ளிவிடக் கூடாது. வியர்வையும் புழுக்கமும் ஓர் அறவிதியை மாற்றப் போதுமான காரணங்கள் என்பதைத் துறவிகளின் சட்டமே பதிவுசெய்து வைத்திருக்கிறது.

இந்த நடைமுறைக்குப் பின்னால் உள்ள தத்துவத்தை மிகத் தெளிவாகச் சொல்வது மிலிந்த பஞ்ஹா என்ற பௌத்த நூல். வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க மன்னன் மிலிந்தன், துறவிகளுக்கு உடல் பிரியமானதா என்று பௌத்தத் துறவி நாகசேனரிடம் கேட்கிறான். இல்லை என்கிறார் அவர். பிரியமில்லை என்றால் ஏன் அதைப் பேணுகிறீர்கள் என்று மன்னன் மடக்குகிறான். நாகசேனர் திருப்பிக் கேட்கிறார்: போர்க்களத்தில் அம்பு பட்டதுண்டா? உண்டு. அந்தப் புண்ணுக்கு மருந்து பூசி, எண்ணெய் தடவி, மெல்லிய துணியால் கட்டினார்களா? கட்டினார்கள். அப்படியானால் புண் உங்களுக்குப் பிரியமானதா? இல்லை, சதை வளர்ந்து ஆறுவதற்காகத்தான் கட்டினோம் என்கிறான் மன்னன். துறவிகளும் உடலை அப்படித்தான் பேணுகிறார்கள், பற்றினால் அல்ல, அறவாழ்வு நடக்க வேண்டும் என்பதற்காக என்று நாகசேனர் முடிக்கிறார்.

இந்த உவமையில் கவனிக்க வேண்டியது, அது அளவையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது என்பது. புண்ணுக்கு மருந்து எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் பூசுவார்கள். ஆறிய பிறகும் யாரும் கட்டுப் போட்டுக்கொண்டே இருப்பதில்லை. பயன் தெரிந்து செய்யும் பராமரிப்புக்கு முடிவு உண்டு.

உவமையின் மறுபக்கத்தைத் தமிழ் இலக்கியம் காட்டுகிறது. மணிமேகலைக் காப்பியத்தில், தன்னைத் தொடரும் இளவரசன் உதயகுமரனுக்கு மணிமேகலை ஒரு மூதாட்டியைச் சுட்டிக்காட்டி, கூந்தல், நெற்றி, கண், பல் என்று ஒவ்வோர் உறுப்பும் என்னவாயிற்று பார் என்கிறாள். காரைக்கால் அம்மையார் வரலாற்றில் இது இன்னும் கூர்மையாக வருகிறது. கணவன் பரமதத்தன் தன்னை விட்டு விலகிவிட்டான் என்று தெரிந்ததும், அவனுக்காகத் தாங்கிய அழகுடம்பை உதறி எலும்புருவான பேய்வடிவம் வேண்டுமென்று இறைவனிடம் கேட்டுப் பெறுகிறார். இந்த இரண்டு இடங்களையும் உடல் வெறுப்பு என்று மட்டும் படிப்பது போதாது. இரு பெண்களும் மறுப்பது இன்னொருவரின் பார்வைக்காகச் சுமக்க வேண்டிய உடலை. மணிமேகலை அதன் பிறகும் அமுதசுரபி ஏந்திப் பசித்த உடல்களுக்குச் சோறிட்டவள் என்பதை மறந்துவிட்டு அவளை உடலின் பகைவி என்று சொல்ல முடியாது.

சைவம் ஒரு படி மேலே போகிறது. உடம்பைக் குறை என்று முதலில் எண்ணியிருந்ததாகவும், அதற்குள் இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்ட பிறகு அதைப் பேணத் தொடங்கியதாகவும் திருமூலர் திருமந்திரத்தில் சொல்கிறார். சைவம், வைணவம் இரண்டின் கோயில்களிலும் நடக்கும் வழிபாடும் பெரும்பகுதி மேனியைப் பேணும் செயலாகவே இருக்கிறது. திருவரங்கத்து மூலவர் சுதையால் ஆன திருமேனி என்பதால் அவருக்கு நீரால் திருமஞ்சனம் கிடையாது. ஆனி மாதத்து ஜேஷ்டாபிஷேகத்தை ஒட்டி அவருக்குத் தைலக்காப்புச் சாத்துகிறார்கள். காப்பு உலரும்வரை பல வாரங்கள் திருமேனியை மூடி, திருமுகத்தை மட்டும் சேவிக்க விடுகிறார்கள். அக்னி நட்சத்திர நாட்களில் திருவண்ணாமலை உள்ளிட்ட சிவாலயங்களில் தாராபிஷேகம் நடக்கும். அடியில் துளையிட்ட பாத்திரம் ஒன்று லிங்கத்துக்கு நேர் மேலே தொங்கும்; அதிலிருந்து வெட்டிவேரும் பன்னீரும் கலந்த நீர் நாள் முழுதும் சொட்டுச் சொட்டாக விழும். கல்லுக்கு வெயில் சுடுமா என்று கேட்பவர்கள் இதன் பொருளைத் தவறவிடுகிறார்கள். வெப்பத்தில் வாடும் மேனியைக் குளிர்விப்பது அன்பின் இயல்பான செயல் என்பதை அந்த வழிபாடு கண்முன் காட்டுகிறது.

மருத்துவ நூல்களும் உடலையும் அறத்தையும் இரண்டு அறைகளில் வைக்கவில்லை. வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்தில் அன்றாட ஒழுக்கத்தைச் சொல்லும் இரண்டாம் அத்தியாயம் விழித்தெழுதல், பல் துலக்கல், எண்ணெய் தேய்த்தல், நீராடல் என்று தொடங்குகிறது. அங்கிருந்து இடைவெளி விடாமல் பொய், களவு, கொலை நீக்குவதற்கும், புழுவையும் எறும்பையும் தன்னைப் போல் பார்ப்பதற்கும் வந்துவிடுகிறது. எண்ணெய் தேய்ப்பதும் எறும்பை மிதிக்காமல் நடப்பதும் ஒரே அத்தியாயத்தின் பாடங்கள்.

இத்தனை விடைகளையும் சேர்த்துப் பார்த்தால், பற்று எங்கே தொடங்குகிறது என்பது பிடிபடுகிறது. தோல் செய்ய வேண்டிய வேலையை அது செய்ய உதவும் வரை பேணுதல் கடமைப் பக்கம் நிற்கிறது. பக்கத்து வீட்டு முகத்தோடும் விளம்பர முகத்தோடும் ஒப்பிடத் தொடங்கிய நிமிடத்தில் அது பற்றாகிவிடுகிறது. முதலாவதற்குப் போதும் என்ற இடம் உண்டு, இரண்டாவதற்கு இல்லை. எத்தனை புட்டிகள் வாங்கினாலும் ஒப்பிட இன்னொரு முகம் இருந்துகொண்டே இருக்கும். ஆகவே, தொடங்குகிறவருக்கு எளிய முறையே சிறந்தது என்ற அறிவுரை சிக்கனத்துக்காக மட்டும் சொல்லப்படுவதல்ல.

தோல் செய்யும் வேலை சிறியதல்ல. வளர்ந்த மனிதரின் தோலை விரித்தால் ஏறத்தாழ 1.5 முதல் 2 சதுர மீட்டர் வரும். அதில் 20 முதல் 40 லட்சம் வியர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துச் செல்கிறது. கோடையில் உயிர் தங்குவதே இதனால்தான். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றில் ஏற்கெனவே ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் தோலிலேயே தேங்குகிறது. வியர்வைக் குழாயின் வாய் அடைபட்டு வியர்க்குரு எழுகிறது. இடுக்குகளில் தேங்கிய ஈரத்தில் பூஞ்சை வளர்ந்து படர்தாமரையாகிறது. தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்றுப் புளிப்புத் தன்மை உடையது, அதன் பி.எச். அளவு 5-ஐ ஒட்டி இருக்கும். சாதாரணக் குளியல் சோப்பின் அளவு 9 முதல் 10. அடிக்கடி சோப்புப் போட்டுத் தேய்த்தால், கிருமியைத் தடுத்து ஈரத்தைக் காக்கும் அந்த மேல்மட்டமே சிதைகிறது.

இதிலிருந்து மூன்று வேலைகள் தாமாகவே கிடைக்கின்றன: கழுவுதல், ஈரம் காத்தல், வெயில் மறைத்தல்.

கழுவுதலுக்குக் காலையும் இரவும் போதும். முகத்துக்கு மென்மையான ஃபேஸ் வாஷ் அல்லது வாசனை குறைந்த சோப்பு, சாதாரணத் தண்ணீர், விரல் நுனி. நார் வேண்டாம், துண்டால் அழுத்தித் துடைக்கவும் வேண்டாம், ஒற்றி எடுத்தால் போதும். நடுவில் வியர்த்தால் வெறும் தண்ணீரே சரி. புறத்தின் தூய்மைக்கு நீர் போதும், அகத்தின் தூய்மைக்கு வாய்மை வேண்டும் என்பது வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் செய்த பங்கீடு. அவர் அழுத்தம் தந்தது பின்பாதிக்கு. ஆனால் முன்பாதியும் ஒரு விடுதலையைத் தருகிறது: வெளித் தூய்மை அவ்வளவு சிக்கலான காரியம் இல்லை. பாட்டி காலத்துப் பயத்தம் மாவும் நலங்கு மாவும் இன்றும் பயன்படும், நைசாக அரைத்திருந்தால். பரு இருக்கும் முகத்தில் கரகரப்பான மாவைத் தேய்ப்பது புண்ணைக் கீறுவதற்குச் சமம்.

ஈரம் காத்தல் என்றதும் வெப்ப ஊரில் அது எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். வியர்வை தோலை நனைக்கிறதே தவிர, அதன் ஈரத்தைக் காப்பதில்லை. குளிரூட்டிய அறையில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் வறட்சி தெரியும். எண்ணெய்ப் பசை உள்ள முகத்துக்கு ஜெல் வடிவ மாய்ஸ்சரைசரும் வறண்ட தோலுக்குச் சற்றுக் கெட்டியான கிரீமும் ஒத்துவரும். ஈரம் முழுதும் உலர்வதற்குள் பூச வேண்டும். தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதி நான்கு நாளைக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கைச் சொல்கிறது. உடம்புக்கும் தலைக்கும் அந்தப் பழக்கம் இதமானதுதான். பரு வரும் முகத்தில் மட்டும் தேங்காய் எண்ணெயைத் தவிர்க்க வேண்டும், அது துளைகளை அடைக்கும்.

மூன்றில் வெப்ப நாட்டுக்கு மிக முக்கியமானது வெயில் மறைத்தல். மிகவும் புறக்கணிக்கப்படுவதும் அதுதான். கறுத்த தோலில் மெலனின் அதிகம் என்பதால் வெயிலில் எளிதில் வெந்து சிவப்பதில்லை. ஆனால் அதே மெலனின் பருத்தழும்பையும் மங்கையும் மாதக் கணக்கில் கருமையாக நிறுத்தி வைக்கும். எஸ்.பி.எஃப். 30 உள்ள சன்ஸ்கிரீன், சரியான அளவில் பூசினால், யு.வி.பி. கதிர்களில் ஏறத்தாழ 97 சதவீதத்தைத் தடுக்கும். சரியான அளவு என்பது முகத்துக்கும் கழுத்துக்குமாக ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு. பெரும்பாலானோர் இதில் பாதிகூடப் பூசுவதில்லை. வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். மங்கு உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும் கருமையைக் கூட்டும் என்பதால் நிறமேற்றிய சன்ஸ்கிரீன் கூடுதல் பயன் தரும். குடையும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் எந்தக் களிம்புக்கும் குறைந்தவை அல்ல.

இரவில் கழுவி, ஈரம் காக்கும் கிரீமைப் பூசினால் நாள் முடிந்தது. புதுப்பொருள் எதுவானாலும் முழங்கையின் உட்பக்கத்தில் சில நாள் பூசிப் பார்த்து, ஒவ்வொன்றாகத்தான் சேர்க்க வேண்டும். மேல்தோல் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். அதற்குள் பலன் இல்லையென்று பொருளை மாற்றிக்கொண்டே இருப்பது தோலுக்கு ஓய்வே தராது. பொறுமை என்ற பழைய அறத்துக்கு இங்கே உடற்கூற்றுக் காரணமே இருக்கிறது.

நிறம் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பராமரிப்பு ஒப்பீடாகத் திரியும் இடம் அதுதான். இந்தியாவில் 1975-ல் அறிமுகமான ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் குளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாறியது. ஆனால் சிவப்பாக வேண்டும் என்ற ஆசை பெயரோடு போய்விடவில்லை. ஆழ்வார்கள் திருமாலின் கருமேனியில் மயங்கிப் பாடிய நாட்டில், கறுப்பாகப் பிறந்த குழந்தையின் முகத்தில் ஏதேனும் பூசச் சொல்லும் குரல்கள் கேட்பது வேதனை. கழுவுவதும் காப்பதும் தோலுக்கு நன்மை. நிறத்தை மாற்ற முயல்வது இறைவன் தந்ததென்றோ இயற்கை தந்ததென்றோ ஒருவர் நம்பும் ஒன்றைக் குறை சொல்வது. உடலுக்கும் கேடு நேர்கிறது. மருந்துக்கடையில் கேட்டதும் கிடைக்கும் சில கிரீம்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். முதல் சில வாரங்கள் முகம் பளிச்சிடும். பிறகு தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் தெரிந்து, பருவும் முடியும் கிளம்பும். நிறுத்தினால் எரிச்சல் பொறுக்காது. மருத்துவர் எழுதித் தராத எந்தச் சிவப்பழகு களிம்பையும் தொடாமல் இருப்பதே தொடக்கநிலையின் முதல் விலக்கு.

பேணுதல் கடமை என்றால் அது யாருக்கு எட்டுகிறது என்ற கேள்வியும் உண்டு. தார் ஊற்றும் தொழிலாளிக்கும் நடவு நடும் பெண்ணுக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சன்ஸ்கிரீன் பூசுவது நடக்கிற காரியம் அல்ல. கோடையில் வெளிவேலை செய்வோருக்கு நண்பகல் ஓய்வைக் கேரள அரசு ஆணையிட்டு வருகிறது. அவர்களுக்கான தோல் பராமரிப்பு அந்த ஆணையில்தான் இருக்கிறது. நிழலும் குடிநீரும் குளிக்கத் தண்ணீரும் இல்லாதவரிடம் ஜெல்லையும் கிரீமையும் பற்றிப் பேசுவது அறமாகாது.

பிறர் தோலைப் பேணும் வேலையில் பற்றா கடமையா என்ற ஐயத்துக்கே இடமில்லை. வயிற்றுப்போக்கால் தன் மலத்திலேயே கிடந்த பிக்கு ஒருவரை, யாரும் கவனிக்காத நிலையில் புத்தர் கண்டார். சீடர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். புத்தர் நீர் ஊற்ற, ஆனந்தர் கழுவினார். ஒருவர் தலைப்பக்கமும் மற்றவர் கால்பக்கமும் பிடித்துப் படுக்கையில் கிடத்தினார்கள். என்னைப் பேண விரும்புகிறவர் நோயாளியைப் பேணட்டும் என்று அதன் பிறகு புத்தர் சொன்னார். படுத்த படுக்கையான முதியவர் உள்ள வீட்டில் கோடைகாலம் இதே வேலையைக் கேட்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். நனைந்த விரிப்பை உடனே மாற்ற வேண்டும். அக்குளையும் தொடை இடுக்கையும் கழுவி, ஒற்றி உலர்த்தி, வறண்ட கைகால்களுக்கு மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். குதிகால், இடுப்பெலும்பு, முதுகின் அடிப்பகுதி ஆகிய இடங்களைத் தினமும் பார்க்க வேண்டும். கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. ஆகையால் சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ நிறம் மாறியோ இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்து, இருந்தால் அன்றே செவிலியரிடமோ மருத்துவரிடமோ காட்ட வேண்டும்.